ஒன்பதாவது இன்னிங்ஸ் யாருக்கு? புளூ ஜேஸ் புல்பென் பற்றி ஒரு விவாதம்

மார்க்கம்காரன்

நம் ரொறன்ரோ பேஸ்பால் அணி புளூ ஜேஸுக்கு, புளோரிடாவின் டனீடனில் 2026 வசந்தகாலப் பயிற்சி முகாம் தொடங்கும் நேரம் வந்துவிட்டது. ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் எறியும் பிட்சர்களான ஸ்டார்ட்டர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கௌஸ்மன், யெசாவேஜ், பீபர், பெரியோஸ் ஏற்கெனவே இருக்கிறார்கள். டிலன் சீஸ் ஏழு ஆண்டு, 210 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் வந்துவிட்டார். கொரிய லீக்கில் கலக்கிய கோடி பான்ஸும் வருகிறார். எனக்குத் தூக்கம் கெடுவது புல்பென்னை, அதாவது ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து எறியும் ரிலீவர்களை, நினைத்தால்தான்.

செரான்தனி டொமிங்கேஸ் வைட் சாக்ஸுக்குப் போய்விட்டார். டைலர் ராஜர்ஸை மூன்று ஆண்டு, 37 மில்லியனுக்கு எடுத்திருக்கிறோம். முன்னிலையைக் காத்துக் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதை முடித்துக் கொடுக்கும் குளோசர் அதே ஜெஃப் ஹோஃப்மன். 2025 நவம்பர் 1ஆம் தேதியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான உலகத் தொடரின், அதாவது இறுதித் தொடரின், ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று நாம் முன்னிலை, ஒரு அவுட் ஆகிவிட்டது. வரிசையில் கடைசியாக அடிக்க வரும் மிகெல் ரோஹாஸ், 3-2 கவுண்டில் ஹோஃப்மன் எறிந்த ஸ்லைடரை இடது பக்க வேலிக்கு மேலே ஹோம் ரன்னாக அனுப்பிச் சமனாக்கினார். பதினோராவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்றோம்.

என் கேள்வி இதுதான். இந்த புல்பென் இன்னொரு அக்டோபரை, அதாவது போஸ்ட்சீசன் நாக்அவுட் தொடர்களை, தாங்குமா? ஒன்பதாவதை மறுபடியும் ஹோஃப்மனிடமே கொடுக்கலாமா?

500லெவல்

கூடாது.

33 சேவ் எடுத்தார், அதாவது அத்தனை தடவை முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தார், சரி. ஆனால் 68 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன் கொடுத்திருக்கிறார். ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் பொறுப்பில் விழும் சராசரி ரன்) 4.37. ஒரு ரன் முன்னிலையோடு, பிட்சர் நிற்கும் மேட்டுக்கு வருகிறவர் வேறு எதைக் கொடுத்தாலும் பரவாயில்லை, சிங்கிள் கொடுக்கலாம், வாக் (ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே நாலு பந்து எறிந்து அடிப்பவரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது) கூடக் கொடுக்கலாம். ஒரே அடியில் ஆட்டத்தைச் சமனாக்கும் அடியை மட்டும் கொடுக்கக் கூடாது. அதைத்தான் அவர் வருஷம் முழுக்கக் கொடுத்தார். ரோஹாஸ் அடித்தது ஒரு துரதிர்ஷ்டம் என்று பேசுகிறவர்கள் மே மாதத்தை எடுத்துப் பாருங்கள். ஏப்ரலில் அசைக்க முடியாத ஆளாக இருந்தவர் மே மாதத்தில் எப்படிச் சரிந்தார் என்று தெரியும்.

லூயிஸ் வார்லண்ட் இருக்கிறார். 98, 99 மைலில் எறிகிறார், பயப்படுவதில்லை. ஒன்பதாவதை அவரிடம் கொடுங்கள்.

கணக்கன்

ஒரு பந்தை வைத்து ஒரு மனிதரை அளக்கிறோம். அந்த ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், அக்டோபர் 20ஆம் தேதி, அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? ஏழாவது இன்னிங்ஸில் ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 4-3 ஆக்கினார். அன்றும் ஒரே ஒரு ரன் முன்னிலைதான். ஒன்பதாவதில் வந்த ஹோஃப்மன் மூன்று பேரையும் ஸ்ட்ரைக்அவுட் செய்தார். கடைசி ஆள் ஹூலியோ ரொட்ரிகேஸ். 1993க்குப் பிறகு நம்மை முதல் தடவையாக உலகத் தொடருக்குக் கொண்டுபோன பந்து அது. எறிந்த கை ஹோஃப்மனுடையது.

தோற்ற ஆட்டத்தையும் முழுசாகப் பார்ப்போம். எட்டாவது இன்னிங்ஸில் மேக்ஸ் மன்சி ஹோம் ரன் அடித்ததால்தான் 4-2 என்பது 4-3 ஆனது. அதைக் கொடுத்தவர் யெசாவேஜ். பதினோராவதில் வில் ஸ்மித்துக்குக் கொடுத்தவர் பீபர். இருவரும் ஸ்டார்ட்டர்கள். நாம் புல்பென்னைத் திட்டுகிறோம், ஆனால் கடைசி நாலு இன்னிங்ஸில் விழுந்த மூன்று அடிகளில் இரண்டு புல்பென் ஆட்கள் கொடுத்தது இல்லை. அப்புறம், ஒன்பதாவதின் கீழ்ப் பாதியில் பேஸ்கள் நிரம்பி ஒரே ஒரு அவுட் ஆகியிருந்தபோது ஒரு ரன் எடுக்க முடியவில்லை. அதற்கு எந்தப் பிட்சரும் பொறுப்பு அல்ல.

நான் கேட்பது வேறு. எட்டாவது இன்னிங்ஸில் ஏன் யெசாவேஜ் நின்றார்? மூன்று நாள் முன்னால் ஐந்தாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் எறிந்து 12 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்த பையன், வருஷத்தைக் கீழ்மட்ட மைனர் லீக்கான சிங்கிள்-ஏயில் தொடங்கியவர். அவர் அங்கே நின்றதற்குக் காரணம், நம்பி அனுப்ப வேறு ஆள் இல்லை என்று பயிற்சிக் குழு நினைத்ததுதான். அதுதான் புல்பென்னின் பலவீனம். ஹோஃப்மன் அதில் ஒரு சின்னப் பகுதி.

500லெவல்

பகுதி சின்னதோ பெரியதோ, சாம்பியன் மோதிரம் போனது அந்த ஒரு பந்தில். ஆட்டம் முடிந்ததும் அவரே அதைத் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார். அதை நான் மதிக்கிறேன். அதற்காக மறுபடியும் அதே இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது இல்லை.

இடக்கை

எல்லோரும் வலது கைக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கவலை இடது பக்கம்.

பிரெண்டன் லிட்டில் 2025இல் 79 ஆட்டங்களில் எறிந்தார். யோசித்துப் பாருங்கள், 162இல் 79. ஏறக்குறைய ஒரு நாள் விட்டு ஒரு நாள். சீசனின் முதல் பாதியில் அவருடைய நக்கிள்-கர்வ் பந்தை யாராலும் தொட முடியவில்லை. ஆனால் அந்தப் பந்து பெரும்பாலும் ஸ்ட்ரைக் ஸோனுக்குக் கீழேதான் போய் விழும். அடிப்பவர் மட்டையை வீசினால்தான் ஸ்ட்ரைக். ஆகஸ்ட், செப்டம்பரில் எதிரணிகள் அதைப் புரிந்துகொண்டு வீசாமல் நிற்க ஆரம்பித்தன. அப்புறம் வாக், வாக், வாக்.

சியாட்டிலில் நடந்த ஐந்தாவது ஆட்டம் அதன் விளைவு. எட்டாவது இன்னிங்ஸ், 2-1 நாம் முன்னிலை. 60 ஹோம் ரன் அடித்த கேல் ராலி முதல் ஆளாக வருகிறார், மேட்டில் லிட்டில். ராலி அடித்துச் சமனாக்கினார். அடுத்த இரண்டு பேருக்கும் வாக். டொமிங்கேஸ் வந்து ஒருவர் மேல் பந்தால் அடித்தார், பேஸ்கள் நிரம்பின, சுவாரெஸ் கிராண்ட் ஸ்லாம் (நாலு ரன் ஹோம் ரன்) அடித்தார். 6-2. அந்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் 18வது இன்னிங்ஸில் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்து முடித்தாரே, அப்போது மேட்டில் இருந்தவரும் லிட்டில்தான்.

நான் அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கை களைத்துப் போன ஒருவரை, பந்தின் ரகசியம் வெளியான பிறகும், மிகப் பெரிய தருணங்களில் நிறுத்தினோம். இன்னொரு இடது கை மேசன் ஃப்ளூஹார்ட்டி, முதல் வருஷப் பையன். நம்பிக்கையான மூன்றாவது இடது கை இல்லை. இந்தக் குளிர்காலத்திலும் அந்த இடத்துக்குப் பெரிதாக யாரையும் எடுக்கவில்லை. இதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

ராணி_ஏஜாக்ஸ்

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள், பேஸ்பாலை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தது சமீபத்தில்தான். ஒரு சந்தேகம். டி20யில் பும்ராவுக்கு இரண்டு ஓவரைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள், ஆனால் நடுவில் ஆட்டம் கை நழுவினால் கேப்டன் அவரை முன்னாலேயே கூப்பிட்டுவிடுவார். இங்கே மட்டும் ஏன் சிறந்த ஆளை ஒன்பதாவது வரைக்கும் உட்கார வைக்கிறார்கள்? சியாட்டிலில் அந்த எட்டாவதில் ராலி வரும்போதே ஹோஃப்மனையோ வார்லண்டையோ கொண்டு வந்திருக்கலாமே?

கணக்கன்

நல்ல கேள்வி, அக்கா. வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பும்ரா ஒரு ஓவர் வீசிவிட்டு மிட்-ஆனில் நின்று மறுபடியும் வரலாம். பேஸ்பாலில் ஒரு பிட்சரை வெளியே எடுத்தால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. 2020இலிருந்து இன்னொரு விதியும் உண்டு, உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேருக்காவது எறிய வேண்டும், இல்லையென்றால் அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். அதனால் ஒவ்வொரு மாற்றமும் திரும்பப் பெற முடியாத செலவு. எட்டாவதில் சிறந்த ஆளைச் செலவழித்தால் ஒன்பதாவதுக்கு யார் என்ற பயம் மேனேஜருக்கு வருகிறது.

ஆனால் நீங்கள் சொன்னதன் சாரம் சரி. ராலி, போலாங்கோ, நேய்லர் வரிசையாக வரும் எட்டாவதுதான் அன்றைய ஆட்டத்தின் உண்மையான முடிவு. ஒன்பதாவதில் வந்திருக்கக் கூடியவர்கள் அவர்களைவிடச் சிறியவர்கள். சேவ் என்ற எண்ணிக்கைக்கு மேனேஜர்கள் கட்டுப்பட்டே பழகிவிட்டார்கள். நம் மேனேஜர் ஜான் ஷ்னைடர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நெகிழ்வானவர் என்பதையும் சொல்ல வேண்டும், ஹோஃப்மனை எட்டாவதிலேயே கொண்டு வந்த நாட்களும் உண்டு.

93ஐப் பார்த்தவன்

தம்பிமாரே, ரொறன்ரோவின் புல்பென் என்றால் என் தலைமுறைக்கு இரண்டு பெயர்தான். ரொம் ஹென்கி, டுவெய்ன் வார்ட். எட்டாவது வார்ட், ஒன்பதாவது ஹென்கி. ஏழாவது முடிந்து நாங்கள் முன்னுக்கு இருந்தால் எதிரணி ரசிகர்கள் கதிரையை விட்டு எழும்பத் தொடங்குவார்கள். ஹென்கி எங்களுக்காக 217 சேவ் எடுத்தார், இன்றைக்கும் அணியின் சாதனை அதுதான். 1993இல் ஹென்கி போன பிறகு வார்ட் ஒன்பதாவதுக்கு வந்து 45 சேவ் எடுத்தார். ஒரே சீசனில் அதை இன்னும் யாரும் தாண்டவில்லை.

ஆனால் வார்டின் கதையில் இளையவர்கள் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. 1988 முதல் 1992 வரை ஐந்து வருஷமும் அவர் ரிலீவராகவே வருஷத்துக்கு நூறு இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். இன்றைக்கு எழுபது எறிந்தாலே பெரிய பாரம். 1993இல் உச்சம். 1994 முழுக்க அவர் மேட்டில் ஏறவில்லை. 1995இல் நான்கே ஆட்டம். அத்தோடு முடிந்தது. முப்பத்தொரு வயது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லோரும் வார்லண்டைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். அவர் போன அக்டோபரில் 15 ஆட்டங்களில் எறிந்தார். ஒரே போஸ்ட்சீசனில் அத்தனை ஆட்டம் மேஜர் லீக் வரலாற்றில் யாரும் எறிந்ததில்லை. நாங்கள் ஆடியதே 18 ஆட்டம். சீசன் முழுக்க எறிந்துவிட்டு, அதற்கு மேலே இது. அந்தக் கை இந்த ஏப்ரலில் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பதாவதை அவரிடம் கொடுப்பதா வேண்டாமா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. முதல் இரண்டு மாதம் அவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் முதல் கேள்வி.

500லெவல்

அண்ணை, வார்டுடைய காலம் வேறு. இப்போது ஒவ்வொரு பந்தையும் அளக்கிறார்கள், கையின் கோணம் அரை அங்குலம் இறங்கினால்கூடத் திரையில் தெரிகிறது. வார்லண்ட் இளைஞர், முன்பு ஸ்டார்ட்டராக இருந்தவர், பாரம் தாங்கிப் பழகிய கை.

93ஐப் பார்த்தவன்

அளக்கிறார்கள், உண்மை. அளந்தபடியே 15 ஆட்டம் எறிய விட்டார்கள்.

திரையில் தெரியாத இன்னொரு பாரம் உண்டு. 2023இல் மைதானத்தைப் புதுப்பித்த பிறகு புல்பென்னை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களே, வெளிமைதானப் பக்கம் நின்றால் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை ஒருவர் எழும்பி, முழு வேகத்தில் இருபது பந்து எறிந்து, கூப்பிடாமலே திரும்பி உட்காருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பட்டியலிலும் அது வராது. கைக்கு அதுவும் ஒரு ஆட்டம்தான். ரிலீவர்கள் செப்டம்பரில் சோர்ந்து போவதில் பாதி அங்கேதான் நடக்கிறது.

பஃபலோ பஸ்

இப்போதுதான் விவாதம் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. புல்பென்னின் பலம் எட்டாவது ஆளில் இருக்கிறது. குளோசர் யார் என்பதை வைத்து நாம் மணிக்கணக்கில் சண்டை போடுகிறோம். ஜூலை மாதம் செவ்வாய்க்கிழமை, 7-2 என்று பின்தங்கிய ஆட்டத்தில் இரண்டரை இன்னிங்ஸ் எறிந்து மற்றவர்களுக்கு ஓய்வு கொடுக்க யார் இருக்கிறார்கள்? அந்த ஆள் நன்றாக இருந்தால்தான் அக்டோபரில் வார்லண்டின் கை புதுசாக இருக்கும்.

26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ஸ்டார்ட்டர் ஐந்து போனால் புல்பென்னுக்கு எட்டு இடம். அந்த எட்டில் ஒருவரை பஃபலோவில் இருக்கும் நம் மைனர் லீக் அணிக்கு அனுப்பி இன்னொருவரை வரவழைக்கலாம், ஆனால் ஒரே ஆளை ஒரு சீசனில் ஐந்து தடவைக்கு மேல் அப்படி அனுப்ப முடியாது, அனுப்பினால் பதினைந்து நாளாவது அங்கே இருக்க வேண்டும். அதிலும் அப்படி அனுப்பும் வாய்ப்பு (ஆப்ஷன்) மீதம் இருப்பவர்களை மட்டும்தான். ராஜர்ஸ், ஹோஃப்மன் போன்ற மூத்தவர்களை அனுப்ப முடியாது. பஃபலோ இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான், அந்த நெருக்கம் நமக்குப் பெரிய வசதி. ஆனால் அனுப்பக்கூடிய நல்ல ஆட்கள் எத்தனை பேர் கையில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வசதி.

2025இல் நம்மைக் காப்பாற்றியது இதே வழிதான். பிரேடன் ஃபிஷர் யார்? கேவன் பிஜியோவை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து 2024இல் வாங்கிய பெயர் தெரியாத பையன். எரிக் லாவர் கொரியாவிலிருந்து மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்தவர். உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனபோது அந்த லாவர்தான் ஒரு ரன் கூடக் கொடுக்காமல் நாலரை இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். 609 பந்து எறியப்பட்ட ஆட்டம் அது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கியவர்கள் எல்லாம் முடிந்துபோன பிறகு அவர் நின்றார்.

கணக்கன்

பஃபலோ பஸ் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அக்டோபர் 8ஆம் தேதி, யாங்கீஸுக்கு எதிராக நாம் ஆடிய முதல் போஸ்ட்சீசன் தொடரின் நான்காவது ஆட்டம். அதைத்தான் நம் புல்பென்னின் சிறந்த நாளாகச் சொல்வேன். முந்தைய நாள் 6-1 என்று முன்னிலையில் இருந்து 9-6 என்று தோற்றிருந்தோம். வார்லண்ட் எறிந்த ஏறக்குறைய 100 மைல் பந்தை, உடம்புக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததை, ஆரன் ஜட்ஜ் ஃபௌல் கம்பத்தில் அடித்து மூன்று ரன் எடுத்துச் சமனாக்கினார். அடுத்த நாள் நமக்கு ஸ்டார்ட்டரே இல்லை. அதே வார்லண்ட் முதல் இன்னிங்ஸை எறிய வந்தார். எட்டுப் பேர் மாறி மாறி எறிந்தார்கள். யாங்கீஸுக்கு இரண்டே ரன். 5-2 என்று தொடரை முடித்தோம்.

அந்த எட்டுப் பேரில் யாரும் ஒருவரைப் போல இன்னொருவர் எறிபவர் இல்லை. வார்லண்டின் வேகம், ஃப்ளூஹார்ட்டியின் ஸ்வீப்பர், லிட்டிலின் நக்கிள்-கர்வ், ஃபிஷரின் ஸ்லைடர், கடைசியில் ஹோஃப்மனின் ஸ்ப்ளிட்டர். அடிப்பவர் ஒருவருக்குக் கண் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். அதுவே உலகத் தொடரில் ஏழு ஆட்டம் போனபோது, டாட்ஜர்ஸ் இதே முகங்களை நாலாவது, ஐந்தாவது தடவை பார்த்துவிட்டார்கள். ஒரே ரிலீவரை ஒரே தொடரில் திரும்பத் திரும்பப் பார்த்தால் அடிப்பவருக்கு வசதிதான். அதனால்தான் ஆள் எண்ணிக்கையும் வகையும் எனக்கு முக்கியம்.

இடக்கை

அப்படியென்றால் ராஜர்ஸ் சரியான தேர்வு என்கிறீர்களா?

கணக்கன்

ஆமாம். இந்தக் குளிர்காலத்தில் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது. கை தரையை உரசுகிற மாதிரி கீழிருந்து எறிகிறார். ஃபாஸ்ட் பந்தே 83 மைல்தான். 2025இல் 81 ஆட்டம், மேஜர் லீக்கிலேயே அதிகம், ஈ.ஆர்.ஏ. 1.98. வாக் கொடுப்பதே அபூர்வம். வார்லண்டின் 99 மைலைப் பார்த்துவிட்டு அடுத்த இன்னிங்ஸில் கீழிருந்து மிதந்து வரும் 83 மைலைச் சந்திப்பவரை நினைத்துப் பாருங்கள்.

500லெவல்

ராஜர்ஸிடம் ஸ்ட்ரைக்அவுட் இல்லை. மூன்றாவது பேஸில் ஆள் நிற்கிறான், ஒரே அவுட், ஒரு ரன் முன்னிலை. அப்போது பந்து மட்டையில் படவே கூடாது. ராஜர்ஸ் எறிந்தால் எப்படியும் படும். தரையோடு உருண்டு இரண்டு பேருக்கு நடுவே போனால் ஆட்டம் சமன். 37 மில்லியனுக்கு எட்வின் டியாஸ் பக்கம் போயிருக்க வேண்டும். டாட்ஜர்ஸ் மூன்று ஆண்டுக்கு 69 கொடுத்து அவரை எடுத்துக்கொண்டார்கள், நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடக்கை

உருண்டு போகும் பந்தைப் பிடிக்க நம்மிடம் ஆந்த்ரெஸ் ஹிமெனெஸும் எர்னி கிளெமென்ட்டும் இருக்கிறார்கள். போன வருஷம் அந்த இருவரும் பிடித்த பந்துகளைப் பார்த்த பிறகும் தரைப் பந்துக்குப் பயப்படலாமா? ராஜர்ஸை இந்த அணிக்காகவே எடுத்த மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் சூழலில், ஆள் மூன்றாவதில் நிற்கும்போது, நானும் அவரைக் கூப்பிட மாட்டேன். யாரும் நிற்காத சுத்தமான எட்டாவது இன்னிங்ஸை அவரிடம் கொடுப்பேன்.

மார்க்கம்காரன்

டியாஸ் பற்றி 500லெவல் சொன்னதால் ஒன்று. பெரிய பணம் கொடுத்து வாங்கிய குளோசர் என்பது உத்தரவாதம் இல்லை. டாட்ஜர்ஸ் போன வருஷமே டேனர் ஸ்காட்டுக்கு நாலு ஆண்டு, 72 மில்லியன் கொடுத்தார்கள். அவர் சீசன் முழுக்கத் தடுமாறினார், அக்டோபரில் ஒரு பந்து கூட எறியவில்லை. அவர்கள் ரோக்கி சசாகி என்ற ஸ்டார்ட்டரைக் குளோசர் ஆக்கினார்கள். ஏழாவது ஆட்டத்தின் கடைசியில் மேட்டில் நின்றவர் இன்னொரு ஸ்டார்ட்டர் யமமோட்டோ, முந்தைய நாள்தான் 96 பந்து எறிந்திருந்தார். அவர்களுடைய புல்பென்னும் நம்முடையதைவிட மேல் இல்லை. ஸ்டார்ட்டர்களை வைத்து இழுத்துப் பிடித்தார்கள்.

நம்மிடமும் இந்த வருஷம் ஸ்டார்ட்டர்கள் ஐந்து இடத்துக்கு ஏழு பேர். லாவர், பான்ஸ், பெரியோஸ் மூவரில் யாராவது புல்பென்னுக்கு வந்தாக வேண்டும். கிறிஸ் பாசிட் போன அக்டோபரில் ரிலீவராக வந்து எவ்வளவு நன்றாக எறிந்தார் என்று பார்த்தோமே. இடக்கை கேட்ட மூன்றாவது இடது கை லாவராக இருக்கலாம்.

அப்புறம் ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்று. ஜோர்டன் ரொமானோ எங்கள் மார்க்கம் பையன். 2022இலும் 2023இலும் 36, 36 சேவ். ஒளி அணைந்து எரியும் அந்த நேரத்தில் அவர் ஓடி வரும்போது எனக்கு இருந்த பெருமையை எழுத்தில் சொல்ல முடியாது. 2022 அக்டோபர் 8ஆம் தேதி சியாட்டிலுக்கு எதிராக 8-1 என்று முன்னிலையில் இருந்து 10-9 என்று தோற்றோமே, அன்றும் மேட்டில் அவர் இருந்தார். அந்த ஆட்டத்தையும் எல்லோரும் ஒருவர் தலையில் கட்டினார்கள். கௌஸ்மனை ஆறாவதில் எடுத்ததிலிருந்து வரிசையாக எல்லாம் தப்பாகப் போனது, ரிலீவர்கள் பாஸ், மேய்ஸா எல்லோரும் அடி வாங்கினார்கள், நடு மைதானத்தில் ஸ்பிரிங்கரும் பிஷெட்டும் மோதிக்கொண்டார்கள். 2024இல் ரொமானோவின் கை கெட்டது, விட்டுவிட்டோம், பிலடெல்பியாவில் ஈ.ஆர்.ஏ. 8.23. ரிலீவரின் வாழ்க்கை அவ்வளவு சீக்கிரம் திரும்பிவிடுகிறது. ஹோஃப்மனைத் திட்டும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

ராணி_ஏஜாக்ஸ்

2024இல் நம் புல்பென் லீக்கிலேயே மோசமானவற்றில் ஒன்று என்று என் மகன் சொன்னான். ஒரே வருஷத்தில் உலகத் தொடர் வரைக்கும் எப்படி வந்தது?

பஃபலோ பஸ்

உங்கள் மகன் சொன்னது உண்மை. ஆளையே மாற்றினார்கள். ஹோஃப்மனை மூன்று ஆண்டு, 33 மில்லியனுக்கு எடுத்தார்கள். யிமி கார்சியாவைத் திரும்பக் கொண்டு வந்தார்கள், நிக் சாண்ட்லினை வாங்கினார்கள், இருவருக்கும் காயம். அந்த ஓட்டையைத்தான் ஃபிஷரும் ஃப்ளூஹார்ட்டியும் அடைத்தார்கள். ஜூலைக் கடைசியில் மின்னசோட்டாவிலிருந்து வார்லண்ட், பால்டிமோரிலிருந்து டொமிங்கேஸ். டொமிங்கேஸ் வந்த விதம் அபூர்வம்: நமக்கும் பால்டிமோருக்கும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அவரை வாங்கினோம். எதிரணி அறையிலிருந்து நடந்தே நம் அறைக்கு வந்துவிட்டார்.

இந்த வருஷமும் அந்த மாதிரி ஜூலை மாதப் பரிமாற்றத்துக்குக் கொடுக்கக் கைவசம் இளம் வீரர்களை வைத்திருக்க வேண்டும்.

93ஐப் பார்த்தவன்

என் விருப்பம் இது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் வார்லண்டை அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேல் எறிய விடக் கூடாது. ஒன்பதாவது ஹோஃப்மனிடமே இருக்கட்டும். எட்டாவதை எதிரே வரும் ஆட்களைப் பார்த்து ராஜர்ஸோ வார்லண்டோ. லிட்டிலை வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் தொடாதீர்கள். லாவர் நீண்ட இன்னிங்ஸுக்கு.

500லெவல்

அண்ணை, மற்றதெல்லாம் சரி. ஒன்பதாவதில் மட்டும் நான் மாற மாட்டேன். மே மாத முடிவில் ஹோஃப்மன் எத்தனை ஹோம் ரன் கொடுத்திருக்கிறார் என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.

கணக்கன்

எழுதுங்கள். கூடவே, அவர் வந்தபோது எத்தனை பேர் பேஸில் நின்றார்கள், அதற்கு முந்தைய மூன்று நாளில் எத்தனை தடவை எறிந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போது பேசுவோம்.